ஸிஃப்ரும் ஓர் இடமே

2019ஆம் ஆண்டு ரமலான் மாதத்தின் கடைசிப் பத்தில் ஒரு நாள். அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் முற்றத்தில் வறிய குடும்பங்களுக்கு அரிசியும் துணியும் வழங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தயாரித்துக் கொடுத்திருந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மோதினார் ஒவ்வொரு பெயராக உரத்த குரலில் படித்தார். மூன்றாவது பெயரில் அவர் குரல் தடுமாறியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களே குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கம் செய்துவிட்டு வந்த ஒருவரின் பெயர் அது. பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்ற சொல்லும் அப்படியே அச்சாகியிருந்தது. கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார். இறந்தவரின் மகன் தூணோரம் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் மர்ஹூம்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மோதினார் அவற்றை வாய்க்குள்ளேயே படித்துத் தாண்டினார். பட்டியல் முடிந்து கூட்டம் கலைந்தபோது, சுவரோரத்தில் 11 பெண்கள் மட்டும் மடித்த பைகளோடு நின்றிருந்தார்கள். ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை. அத்தனை பேரும் கணவரை இழந்தவர்கள்.

அவர்களுள் மூத்தவர் என்னிடம் வந்தார். அவருடைய கணவர் தச்சர். எங்கள் மக்தபில் பிள்ளைகள் குர்ஆனை விரித்து ஓதுகிற ரஹல்களில் பெரும்பாலானவை அவர் கையால் இழைத்தவை. அந்த அம்மையார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சண்டை பிடிக்கும் குரலில் அல்லாமல், ஐயம் கேட்கும் குரலில் கேட்டார்:

"என் பேர் விட்டுப்போச்சா ஹஜ்ரத்? அவுக இருந்த காலத்துலகூட வந்துச்சே."

அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். அரபு இலக்கணத்தில் எத்தனையோ நுட்பமான கேள்விகளுக்கு என் உஸ்தாதுமார்கள் முன் விடை சொல்லியிருக்கிறேன். அந்த அம்மையாரின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கணவர் உயிரோடிருந்தபோது கிடைத்த உதவி, அவர் மவுத்தான பிறகு கிடைக்கவில்லை. தேவை கூடிய நாளில் பெயர் நீங்கிவிட்டது. இறந்தவர்களோ பட்டியலில் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

அந்த 11 வீடுகளுக்கும் அன்றிரவே பொருள்கள் போய்ச் சேர்ந்தன. ஆனால் தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பிய எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் குற்றவாளி நான்தான். பட்டியலைத் தயாரித்தது கணினி. கணினிக்குக் கட்டளை எழுதியவன் நான்.

மதரஸாவில் ஓதிய ஒருவனுக்குக் கணினியோடு என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் மஹல்லாவின் பதிவேடு பல ஆண்டுகளாகக் கையெழுத்தில் இருந்து வந்தது. அதை இணையப் பக்கமாக்கி வைத்தால் ஆண்டுதோறும் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டியதில்லை என்று, என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் சொன்னார். அவர் சென்னையில் இத்தொழில் செய்பவர். அவரிடமே தொலைபேசி வழியாகவும் சில நூல்கள் வழியாகவும், பி.எச்.பி. என்னும் நிரல்மொழியைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டேன். ஸர்ஃபும் நஹ்வும் கற்றவனுக்கு நிரல்மொழி முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கும் விதி உண்டு, விதிவிலக்கு உண்டு, ஒரு குறி மாறினால் பொருள் மாறும்.

பதிவேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உதவி பெறும் குடும்பத் தலைவர் வஃபாத்தானால், கணக்கர் அவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று எழுதிவிடுவார். அவருடைய மனைவியின் பெயரைப் புதிதாகச் சேர்த்து, 'இன்னார், க/பெ. மர்ஹூம் இன்னார்' என்று குறிப்பார். ஆகவே நான் கணினிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'பெயர் மர்ஹூம் என்ற சொல்லோடு தொடங்கினால் அதை விட்டுவிடு. மற்றவற்றைப் பட்டியலில் சேர்.' ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஒரு சொல் ஓர் உரையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த உரை அச்சொல்லோடு தொடங்குகிறதா என்பது வேறொரு கேள்வி. இந்த வேற்றுமையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் விளக்கலாம். குர்ஆனில் 114 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றுள் 113 அத்தியாயங்களின் தலைப்பில் பிஸ்மில்லாஹ் இருக்கிறது. ஒன்பதாவது அத்தியாயமான சூரத்துத் தவ்பாவுக்கு மட்டும் இல்லை. ஆனால் 27ஆவது அத்தியாயமான சூரத்துந் நம்லில், தலைப்பில் ஒருமுறை வருவதோடு, 30ஆவது வசனத்தின் உள்ளேயும் ஒருமுறை வருகிறது. ஸுலைமான் நபி (அலை) அவர்கள் எழுதிய கடிதத்தின் தொடக்கமாக அது அங்கே இடம்பெறுகிறது. இப்போது 'பிஸ்மில்லாஹ் எத்தனை இடங்களில் உள்ளது?' என்று கேட்டால் 114 என்பது விடை. 'எத்தனை அத்தியாயங்கள் அதைத் தலைப்பில் கொண்டு தொடங்குகின்றன?' என்று கேட்டால் 113 என்பது விடை. ஒன்றுதான் வேறுபாடு. ஆனால் கேள்வி மாறிவிட்டால், சரியான எண்ணும் தவறான விடையாகிவிடும்.

நான் பயன்படுத்திய கருவிக்கு 'ஸ்ட்ர்பாஸ்' என்று பெயர். ஓர் உரையையும் ஒரு சொல்லையும் அதனிடம் கொடுத்தால், அச்சொல் அவ்வுரையில் எந்த இடத்தில் முதன்முதலாக வருகிறது என்பதை அது எண்ணாகச் சொல்லும். எங்குமே இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லும். நான் அதனிடம் ஒவ்வொரு பெயரையும் கொடுத்து, அது ஏதேனும் ஓர் இடத்தைச் சொன்னால் அந்தப் பெயரை விட்டுவிடும்படி எழுதிவைத்தேன். இதில் இரண்டு பிழைகள் ஒருங்கே புகுந்திருந்தன.

முதற்பிழை வெளிப்படையானது. தொடக்கத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவன், எங்கேனும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அதனால், பெயருக்குப் பின்னால் கணவரின் பெயரோடு 'மர்ஹூம்' என்று எழுதப்பட்டிருந்த பெண்கள் அனைவரும் நீங்கினார்கள்.

அப்படியானால் இறந்தவர்களும் சேர்ந்தே நீங்கியிருக்க வேண்டுமே, அவர்கள் எப்படிப் பட்டியலில் நின்றார்கள்? அங்கேதான் இரண்டாம் பிழை ஒளிந்திருந்தது. கணினி இடங்களை ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, ஸிஃப்ரிலிருந்து எண்ணுகிறது. ஓர் எழுத்தை அடைய எத்தனை எழுத்துகளைக் கடக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. ஜமாஅத்தில் இமாமுக்கு நேர் பின்னால் முதல் ஸஃப்பில் நிற்பவரிடம், 'உமக்கும் இமாமுக்கும் இடையே எத்தனை ஸஃப்புகள்?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். அதனால் அவர் தொழுகையில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவரே முதலில் நிற்பவர். அதுபோல, 'மர்ஹூம்' என்று தொடங்கும் பெயருக்குக் கருவி சொன்ன விடை ஸிஃப்ர்.

ஆனால் 'ஆம் என்றால் இதைச் செய்' என்று எழுதும் இடத்தில், பி.எச்.பி. ஸிஃப்ரை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறது. 'முதல் இடத்தில் இருக்கிறது' என்ற விடையும் 'எங்கும் இல்லை' என்ற விடையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே மர்ஹூம் என்று தொடங்கிய பெயர்களில் அச்சொல்லே இல்லை என்று கொண்டு, அவற்றையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிட்டது. அச்சொல்லை நடுவில் கொண்டிருந்த பெயர்களை மட்டும் நீக்கியது. நான் கேட்டதற்கு முற்றிலும் எதிரானதை, ஓர் எழுத்துப் பிழையும் இல்லாத ஒரு வரி செய்து முடித்துவிட்டது. கணினி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அது சொன்னபடி செய்தது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. பட்டியலை அச்சிடுவதற்கு முன் நான் சரிபார்க்காமல் இல்லை. நீக்கப்பட்டவை எத்தனை என்று பார்த்தேன். 11 என்று வந்தது. அவ்வளவு பேர் இறந்திருக்கக்கூடும் என்று மனநிறைவு கொண்டேன். எண்ணிக்கையைப் பார்த்தவன் பெயர்களைப் பார்க்கவில்லை. அவற்றுள் முதல் பெயரைப் பார்த்திருந்தாலே போதும், பிழை தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அன்றிரவு மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹஜ்ரத், இதில் விழாத நிரலர் குறைவு. நானும் விழுந்திருக்கிறேன்" என்றார். பிறகு திருத்தம் சொன்னார். வந்த விடை ஸிஃப்ர் என்னும் எண்தானா என்று, இரண்டு சமக்குறிகளால் அல்லாமல், மூன்று சமக்குறிகளால் ஒப்பிட வேண்டும். இரண்டு குறிகள் இருந்தால் கணினி தளர்வாக ஒப்பிட்டு, ஸிஃப்ரையும் 'இல்லை'யையும் சமமென்று சொல்லிவிடும். மூன்று குறிகள் இருந்தால், மதிப்பு மட்டுமன்றி இனமும் ஒன்றா என்று பார்க்கும். எண் எண்ணாகவும், மறுப்பு மறுப்பாகவும் பிரிந்து நிற்கும்.

ஸிஃப்ர் என்ற சொல்லை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! வெறுமை என்று அதற்குப் பொருள். இந்தியக் கணிதர்கள் சூனியம் என்று அழைத்ததை அரபு அறிஞர்கள் அப்படிப் பெயர்த்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ இந்திய எண்முறையை விளக்கி நூல் செய்தார். கணினித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர் பெயரின் திரிபே. 1202இல் பீசா நகரத்து லியோனார்டோ தம் கணித நூலில் ஸிஃப்ரை லத்தீன் வடிவில் எழுதினார். அதிலிருந்தே 'ஸீரோ' பிறந்தது. எண்களுக்கு நடுவே நிற்கும் வெறுமையும் ஓர் இடத்தைக் காக்கிறது. அதை அழித்துவிட்டால் நூற்றைந்து பதினைந்தாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஸிஃப்ர் என்பது ஓர் இடம், இன்மை அன்று என்பதை என் சொந்த நிரலில் நான் காணவில்லை.

இப்பிழையில் விழுந்தவர்கள் மிகப் பலர் என்பதற்கு மொழிகளை ஆக்கியவர்களின் செயலே சான்று. இணையப் பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இடத்தைக் கேட்டுத்தான் தொடக்கத்தை அறிந்துவந்தார்கள். அங்கே சொல் எங்கும் இல்லையென்றால் 'கழித்தல் ஒன்று' என்ற விடை வரும். அதைக் கணினி 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும்! 2015ஆம் ஆண்டின் தரநிர்ணயத்தில் 'ஸ்டார்ட்ஸ் வித்' என்ற தனிக்கருவி அம்மொழியில் சேர்க்கப்பட்டது. பி.எச்.பி.யில் 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பிலேயே அதற்கு நிகரான கருவி வந்தது. 'இதனோடு தொடங்குகிறதா?' என்று கேட்டால் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே இவை சொல்லும். எதைக் கேட்க வேண்டுமோ அதையே கேட்கும் சொல் மொழியில் இருந்தால், கேட்பவன் தவறுவது குறையும்.

ஆனால் புதிய கருவியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒன்றுமே எழுதாத வெற்றுச் சொல்லைக் கொடுத்து, 'இந்தப் பெயர் இதனோடு தொடங்குகிறதா?' என்று கேட்டால், எந்தப் பெயருக்கும் 'ஆம்' என்றே விடை வரும். தேடும் சொல்லை எழுதும் கட்டத்தை ஒருவர் கைதவறி அழித்துவிட்டால், ஊரிலுள்ள அத்தனை பேரும் மர்ஹூம்களாகிவிடுவார்கள்.

இனி அடுத்த ஆண்டுக்கு வருவோம். 2020இல் ரமலான் ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் பிறந்தது. கொரோனா நோயால் நாடெங்கும் ஊரடங்கு. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. முற்றத்தில் கூட்டம் கூட்ட வழியில்லை. பொருள்களைப் பைகளாகக் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய் வைப்பதென்று முடிவாயிற்று. பட்டியலை நான் மீண்டும் தயாரிக்க வேண்டும்.

அப்போதுதான் ஓர் அச்சம் என்னைப் பிடித்தது. சென்ற ஆண்டு பெயர் விடுபட்டவர்கள் சுவரோரம் நின்றார்கள், கண்ணால் கண்டோம். இந்த ஆண்டு விடுபட்டவர் எங்கே வந்து நிற்பார்? அவர் தம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பார். பை வராது. அவ்வளவுதான். நமக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, திருத்திய நிரலை நம்பாமல், பழைய கணக்கரைத் தொலைபேசியில் பிடித்து, நீக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். எல்லாம் மர்ஹூம் என்று தொடங்குபவை. நிரல் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஏழாவது பெயரில் அவர் தடுத்தார்.

"நில்லுங்க ஹஜ்ரத். அந்தம்மா உசிரோட இருக்காங்களே."

பார்த்தால், அந்தப் பதிவு 'மர்ஹூம் இன்னார் மனைவி இன்னார்' என்று இருந்தது. கணக்கர் பொறுப்பேற்பதற்கு முன் இருந்தவர் அப்படி எழுதும் பழக்கமுள்ளவராம். கணவரின் பெயரை முன்னும் மனைவியின் பெயரைப் பின்னும் வைப்பது தமிழின் இயல்பான வாக்கிய அமைப்புதானே! பிழை சொல்ல இடமில்லை. அவ்வாறு எழுதப்பட்டவை மூன்று இருந்தன. அம்மூவரும் உயிரோடிருப்பவர்கள், மூவரும் கைம்பெண்கள். தொடக்கத்தைச் சரியாகக் கேட்டும், மீண்டும் அவர்களே நீங்கியிருந்தார்கள்.

தொடக்கம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அந்த ரமலானில் உட்கார்ந்து சிந்தித்தேன். அலிஃப், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துகளையே தனித்துக் கொண்டு தொடங்கும் அத்தியாயங்கள் ஆறு: அல்பகரா, ஆலு இம்ரான், அல்அன்கபூத், அர்ரூம், லுக்மான், அஸ்ஸஜ்தா. ஆனால் 'அலிஃப் லாம் மீம் என்று தொடங்குபவை எத்தனை?' என்று கணினியைக் கேட்டால், அது எட்டு என்று சொல்லும். ஏழாவது அத்தியாயமான அல்அஃராஃப் அம்மூன்றோடு ஸாதையும் சேர்த்துத் தொடங்குகிறது. 13ஆவது அத்தியாயமான அர்ரஃது ராவையும் சேர்த்துத் தொடங்குகிறது. கணினி பொய் சொல்லவில்லை. இவையும் அவ்வெழுத்துகளோடுதான் தொடங்குகின்றன. தொடக்கம் எங்கே முடிகிறது என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை.

இணையத்தில் நம் குடும்பங்களை ஏமாற்ற வரும் போலி முகவரிகளின் தந்திரமும் இதுவே. முகவரி ஒரு வங்கியின் பெயரோடு தொடங்கியிருக்கும். பெயருக்குப் பின் ஒரு புள்ளியிட்டு வேறொரு பெயர் ஒட்டியிருக்கும். அது யாருடைய முகவரி என்பதை, முதலில் வரும் இரட்டைச் சாய்கோடுகளைக் கடந்து, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் உள்ள கடைசிப் பகுதியே சொல்லும். தொடக்கத்தை மட்டும் பார்த்து நம்பும் மனிதரும் ஏமாறுவர். தொடக்கத்தை மட்டும் சோதிக்கும் நிரலும் ஏமாறும்.

நம் மொழிகளின் எழுத்து இயல்பால் வரும் தொல்லைகளும் உண்டு. 'மர்ஹூம்' என்ற சொல்லை நாம் நான்கு எழுத்துகளாகப் படிக்கிறோம். கணினியின் யூனிகோடு முறையில் அது ஏழு குறிகள். புள்ளியும் ஊகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'மொகைதீன்' என்ற பெயரைத் தாளில் எழுதும்போது கை முதலில் கொம்பைத்தான் போடுகிறது. கணினியிலோ மகரமே முதலில் நிற்கும். கொம்பும் காலும் அதற்குப் பின்னரே வரும். அவற்றை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஆகவே ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நன்னூல் சொல்லுக்கு முதலில் வரத்தக்க எழுத்துகள் 22 என வரையறுக்கிறது. ரகரமும் லகரமும் அவற்றுள் இல்லை. அதனாலேயே நம் பழம்புலவர்கள் றசூல் என்பதை 'இறசூல்' என்று இகரம் சேர்த்து எழுதினார்கள். எங்கள் பதிவேட்டிலும் ஒரு தலைமுறை 'இரஹ்மான்' என்று எழுதியது. அடுத்த தலைமுறை 'ரஹ்மான்' என்று எழுதியது. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பதிவேட்டின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கிறார்கள். 'மர்ஹூம்' என்பதே சில இடங்களில் குறிலோடு 'மர்ஹும்' என்றிருந்தது. சிலவற்றின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒன்று, வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டும்போது வந்து அமர்ந்திருந்தது. அந்த ஒரு வெற்றிடம் போதும். பெயர் இனி 'மர்ஹூம்' என்று தொடங்காது.

அரபு அகராதியைப் புரட்டக் கற்கும் மாணவனுக்கு நாம் முதலில் கற்பிப்பது என்ன? சொல்லின் முதலெழுத்தை நம்பாதே, மூலத்தைத் தேடு என்பதைத்தானே! மக்தபு, மக்தபா என்னும் சொற்கள் மீமில் தொடங்குகின்றன. ஆயினும் அவற்றைக் காஃபில்தான் தேட வேண்டும். எழுதுதல் என்னும் மூலம் அங்கே இருக்கிறது. முன்னால் நிற்கும் மீம் பின்னர் வந்து சேர்ந்தது. மர்ஹூம் என்ற சொல்லும் அப்படியே. மீமை நீக்கிவிட்டு மூலத்தைத் தேடினால் ரா, ஹா, மீம் என்று நிற்கும். ரஹ்மத்தின் மூலம் அது. அருள் செய்யப்பட்டவர் என்பதே அச்சொல்லின் பொருள். அல்லாஹ்வின் அருள் அவர்மேல் இறங்கட்டும் என்று நாம் செய்யும் துஆவே, இறந்தவரின் பெயருக்கு முன் சொல்லாக நிற்கிறது. அந்தச் சொல்லைத்தான் நான் பெயர்களை வெட்டும் கத்தியாக்கினேன். இரக்கத்தின் மூலத்தில் பிறந்த ஒரு சொல், என் கையில் பட்டு, இரக்கத்துக்கு உரியவர்களின் பங்கைத் தடுத்தது.

அந்த ஊரடங்கு நாள்களில் பதிவேட்டின் அமைப்பையே மாற்றினேன். இறந்தார் என்ற செய்தி பெயரின் தலையில் எழுதப்படக் கூடாது. அதற்கெனத் தனிக்கட்டம் வேண்டும். அதில் வஃபாத்தான நாளை எழுத வேண்டும். கணவர் பெயருக்கும் தனிக்கட்டம். இப்போது கணினி எந்தப் பெயரின் தொடக்கத்தையும் பார்த்து எவரையும் நீக்குவதில்லை. தொடக்கத்தைச் சோதிக்கும் கருவியை, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தும் பெயர்களைக் காட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. அங்கே ஒரு பெயர் வராவிட்டாலும், தேடுபவர் வேறு எழுத்தைத் தட்டிப் பார்ப்பார். ஒருவருடைய அரிசி நின்றுவிடாது.

இன்னொரு வழக்கத்தையும் ஏற்படுத்தினோம். ரமலான் பிறப்பதற்கு முன் ஒரு நாள், நானும் கணக்கரும் மோதினாரும் அமர்ந்து, சேர்த்த பெயர்களை அல்ல, விடுபட்ட பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறோம். எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மூவரில் ஒருவராவது, 'ஆம், இவரை நான் அறிவேன். இவர் விடுபடுவது சரிதான்' என்று சொல்ல வேண்டும். ஒருவரும் அறியாத பெயராயின், அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டு வருகிறோம். இதற்கு ஒரு பகல் முழுதும் ஆகிறது. நிரல் அதை ஒரு நொடியில் செய்துவிடும். அந்த நொடிக்கு நான் கொடுத்த விலையை அறிவேன். பகலைச் செலவிடுவதே மலிவு.

தச்சரின் மனைவியான அந்த அம்மையார் 2022இல் வஃபாத்தானார். பதிவேட்டைத் திறந்து, தனிக்கட்டத்தில் நாளை எழுதினேன். பெயருக்கு முன்னால் எதையும் சேர்க்கவில்லை. அது தன் முதலெழுத்தோடு, எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறுநாள் காலை மக்தபில் பிள்ளைகள் அவருடைய கணவர் செய்த ரஹல்களை விரித்து வைத்தபோது, ஓதத் தொடங்கும் முன் இருவருக்கும் சேர்த்து துஆச் செய்யச் சொன்னேன்.

அறியாமல் நான் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. அவர்கள் இருவர்மீதும் அவனுடைய ரஹ்மத் இறங்குவதாக. ஆமீன்.